ஏறாமல் இறங்காமல் வந்த முப்பது ரூபாய்

தொட்டுப் பார்த்தே தோலின் தரம் சொன்ன என் அத்தாவுக்கு, உங்கள் சபியாவின் ஸலாம்.

முதலில் கால்வலியைச் சொல்லிவிடுகிறேன். என் குதிகால் இரண்டும் வெடித்துவிட்டன. அம்மாவுக்கு இடது முழங்கால் வீங்கியிருக்கிறது. அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். ஆனால் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைத் தேடுகிறாள். நானும் பார்க்காததுபோல இருந்துகொள்கிறேன். இரண்டு பேருக்கும் களைப்பு, அத்தா. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

இது ஜூலை முதல் வாரம். வருஷா வருஷம் இந்த வாரத்தில் தபால்காரர் நம் வாசலில் சைக்கிளைச் சாய்த்து, "மெட்ராஸ் கவரு!" என்று கூவுவார். நேற்றும் வந்தார். கையில் ஒரு மெல்லிய உறை. "இன்னா பாப்பா, இந்த தபா கவரு எளச்சிப் போச்சே? உள்ள காசு இருக்கிற மாதிரியே தெரியலியே?" என்றார். பிரித்துப் பார்த்தேன். நூல் மில் கம்பெனியிலிருந்து நான்கே வரிகள். வியாபாரம் மந்தம், ஆகையால் இந்த அரை வருஷத்துக்குப் பங்குதாரர்களுக்கு லாபப் பங்கு இல்லை, வருந்துகிறோம். மின்சாரக் கம்பெனியின் தடித்த உறை வரவில்லை. இனி வரவும் வராது.

உங்கள் நோட்டை எடுத்து, புதிய பக்கத்தின் முதல் வரியில் 'இல்லை' என்று எழுதினேன். நோட்டில் இன்னும் தோல் பதனிடும் ஆவாரம்பட்டை வாசனை இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நான் மூடி ஒட்டப் போவதில்லை. பெண்கள் மாதப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். நம் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் உங்களைப் போலச் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கம்பெனிக் காகிதம் வாங்கியவர்கள் இருப்பார்கள். அந்த வீடுகளிலும் ஒரு சின்னப் பெண் இங்கிலீஷ் வாசித்து அர்த்தம் சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுக்கு இது எட்டினால் போதும்.

நீங்கள் அந்த நோட்டை ஆரம்பித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு ஒன்பது வயது. பேரணாம்பட்டில் உங்கள் பாகத்து நிலத்தை விற்ற பணத்தோடு மண்டித் தோல்களை ஏற்றிக்கொண்டு ரயிலில் மெட்ராஸ் பெரியமேட்டுத் தோல் சந்தைக்குப் போனீர்கள். வரும்போது மூன்று விதமான காகிதங்கள் கொண்டுவந்தீர்கள். சர்க்கரை ஆலையில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு, நூல் மில்லில் ஐந்நூறுக்கு, மின்சாரக் கம்பெனியில் ஆயிரத்துக்கு. பாயில் பரப்பி வைத்து, ஆட்டுத்தோலைத் தடவுவதுபோலக் கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் தடவினீர்கள். மின்சாரக் கம்பெனிக் காகிதத்தில் விரல் நின்றுவிட்டது.

"கைய வெச்சிப் பாரு கண்ணு. மூணுல இதான் முதல் நம்பர். இன்னா கனம், இன்னா வழவழப்பு! நீதான் இங்கிலீஷ் படிக்கிறியே, இதுல இன்னா போட்டிருக்கு?"

நான் கம்பெனியின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஆயிரம் ரூபாய் என்பதையும் வாசித்தேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் முக்கால் பக்கம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணைக் கட்டியது.

"இதுவும் மத்ததுங்க மாதிரி லாபப் பங்குதானே? வட்டி கிட்டி ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டீர்கள்.

"இல்ல அத்தா. எல்லாம் ஒண்ணுதான்" என்றேன்.

தரகர் சொன்னதும் அப்படித்தான் என்று சொன்னீர்கள். 'இது பேங்க் இல்ல சாயபு, கம்பெனிக் காகிதம்' என்றாராம். தரகர் ஒரு சொல், மகள் ஒரு சொல். உங்களுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குக் கமர்கட் வாங்கிக் கொடுத்தீர்கள். அந்தக் கமர்கட்டை எத்தனை முறை நினைத்துக்கொண்டேன் தெரியுமா?

வட்டி என்றால் நீங்கள் எப்படி ஒதுங்குவீர்கள் என்பது தெருவுக்கே தெரியும். தபாலாபீஸ் புத்தகத்தில் சேர்ந்த ஒன்றேகால் ரூபாய் வட்டியைத் தெருக்கோடிக் கக்கூஸுக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கொடுத்துவிட்டு, "அதுக்கு அதான் எடம்" என்று சிரித்தீர்கள். லாபம் வேறு, வட்டி வேறு என்று எனக்குச் சொன்னதும் நீங்கள்தான். கம்பெனி நஷ்டப்பட்டால் நாமும் சேர்ந்து நஷ்டப்பட வேண்டும், அப்போதுதான் அது ஹலாலான லாபம் என்பீர்கள்.

நோட்டில் காகிதம் ஒன்றுக்கு ஒரு பக்கம். வந்த மாதம், வந்த தொகை, அதற்கு எதிரே மண்டியில் தோலுக்குப் போடும் தரக்குறி. முதல் தரத்துக்கு ஒரு கோடு, இரண்டாம் தரத்துக்கு இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று. கழிவுத் தோலுக்குப் பெருக்கல் குறி. சர்க்கரைக்கு ஒரு முறை ஒரு கோடு, அடுத்த முறை மூன்று. மில்லுக்கு எப்போதும் இரண்டு. மின்சாரக் கம்பெனிக்கு மட்டும் எல்லா முறையும் ஒரே கோடு. அந்தக் கோட்டை மட்டும் நீங்கள் சற்று நீளமாகவே இழுத்திருக்கிறீர்கள்.

நீங்கள் காய்ச்சலில் போன பிறகு பாகம் பிரித்தார்கள். அம்மாவுக்கு எட்டில் ஒன்று, எனக்குப் பாதி, மிச்சம் உங்கள் தம்பி சின்னத்தாவுக்கு. அவர் பாகத்துக்குச் சர்க்கரைக் காகிதம் சரியாக இருந்தது. "புள்ள படிப்புக்கு ஏறாம எறங்காம வர்றது இருக்கட்டும்" என்று மின்சாரக் கம்பெனிக் காகிதத்தை எனக்கென்று ஒதுக்கினார். நல்ல மனதோடுதான் செய்தார். அரை வருஷத்துக்கு முப்பது ரூபாய். மாதம் ஐந்து. பள்ளிச் சம்பளம் இரண்டு, திரை கட்டிய ஜட்காவுக்கு வாடகை மூன்று. அளந்து தைத்த சட்டைபோல இருந்தது. மற்றச் செலவுக்கு வீட்டின் முன்பாதி வாடகையும், அம்மா தைக்கும் தொப்பிகளும், மில் காகிதமும் என்று ஓட்டினோம்.

நோட்டு என் கைக்கு வந்தது. தபால் வந்தால் எழுதுவேன், குறி போடுவேன். உங்கள் கோட்டைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி இழுக்கப் பழகினேன்.

போன வருஷம் தோல் விலை எப்படி விழுந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். மண்டிகளில் பாதி பூட்டு. சுண்ணாம்புக் குழிகள் காய்ந்து கிடந்தன. பாலாற்றங்கரையில் தோல் அலசும் ஆட்கள் வேலையில்லாமல் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சர்க்கரைக்குப் பாதிதான் வந்தது என்று சின்னத்தா புலம்பினார். மில் காகிதத்துக்கு இருபதுக்குப் பதில் எட்டு ரூபாய் வந்தது. செப்டம்பரில் ஒருநாள், கணக்குப் பாடத்தில் பங்குகள் பற்றிய அத்தியாயம் வந்ததால், கணக்குப் போட்டுப் பழகலாம் என்று உங்கள் நோட்டைப் பள்ளிக்கு எடுத்துப் போயிருந்தேன். மூன்று பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கங்களில் எண்கள் தாவின, விழுந்தன. மூன்றாவதில் முப்பது, முப்பது, முப்பது. பத்து முறையும் முப்பது. ஏழு உங்கள் கையெழுத்தில், மூன்று என் கையெழுத்தில். காலணாகூட ஏறவில்லை, இறங்கவில்லை.

ஊரே நஷ்டப்படும்போது இந்தக் கம்பெனி மட்டும் எப்படி அதே லாபம் சம்பாதிக்கிறது?

மறுநாள் பெட்டியிலிருந்த காகிதத்தில் அந்தப் பொடி எழுத்து முழுவதையும் ஒரு தாளில் பார்த்தெழுதிக்கொண்டு போய்க் கணக்கு டீச்சரிடம் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"உங்க அப்பா பலே கெட்டிக்காரரு சபியா! இது ஷேர் இல்ல. டிபென்ச்சர். கம்பெனி அவர்கிட்ட ஆயிரம் ரூபா கடன் வாங்கியிருக்கு. லாபம் வந்தாலும் வராட்டியும் நூத்துக்கு ஆறு வட்டி குடுத்தே ஆகணும். ஷேர் வாங்குனவங்கல்லாம் தலையில கை வெச்சிக்கிட்டு இருக்காங்க, நீ நிம்மதியா படிக்கலாம்."

நான் தலையாட்டினேன். அவர் நல்லதைத்தான் சொன்னார், பாவம். வகுப்பில் அன்று எனக்குப் பத்துக்குப் பத்து.

அத்தா, அன்றைக்கே வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அம்மா என்ன செய்வாள் என்று தெரியும். ஜட்கா நிற்கும். ஜட்கா நின்றால் பள்ளி நிற்கும். நம் தெருவில் நான்காம் பாரம் வரை போன பெண் நான் ஒருத்திதான், பள்ளியை முடிக்க இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. 'நாளைக்குச் சொல்லலாம்' என்று செப்டம்பர் போயிற்று. 'பரீட்சை முடியட்டும்' என்று டிசம்பர் போயிற்று.

உங்களைப் பற்றியும் நினைத்தேன். அதுதான் அதிகமாக உறுத்தியது. அங்கே உங்களிடம் அந்தப் பணத்தைப் பற்றிக் கேட்டார்களா? 'என் மகள் வாசித்துச் சொன்னாள்' என்று சொன்னீர்களா? அல்லது என்னைக் காட்டிக் கொடுக்காமல் நின்றீர்களா?

ஜனவரியில் நோன்பு ஆரம்பித்த நான்காம் நாள் தடித்த உறை வந்தது. அம்மா அதிலிருந்த பணச்சீட்டை, அந்த வாரண்டை, தொடையில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். அம்மாவின் தம்பி கரீம் மாமு அதை மண்டியில் கொடுத்து முப்பது ரூபாய் வாங்கி வந்தார். பள்ளிச் சம்பளமும் ஜட்கா வாடகையும் அரை வருஷத்துக்கு முன்பணமாகப் போய்விட்டன. "இந்தா, ஜூலை வரைக்கும் நீ மகாராணி" என்றாள் அம்மா. நான் நோட்டில் பதினோராவது வரியை எழுதினேன். குறி போடும் இடத்தில் கை நின்றது. வெறுமனே விட்டேன்.

நோன்பு இருபத்தைந்தாம் நாள், லுஹர் தொழுதுவிட்டு அம்மா ஜகாத் பிரிக்க உட்கார்ந்தாள். தொப்பிக் காசு ஒரு குவியல், வீட்டு வாடகை ஒரு குவியல். கடைசியாக, முன்பணமாகக் கொடுத்ததற்கு ஜட்காக்காரர் தள்ளுபடியாகத் திருப்பிக் கொடுத்த ஒன்றரை ரூபாயைச் சுருக்குப் பையிலிருந்து எடுத்தாள்.

"ஏழைங்களுக்கு இதுலேர்ந்து எடு சபியா. நம்ம வீட்டுல சுத்தமான காசுன்னா உங்க அத்தா வெச்சிட்டுப் போனதுதான்."

"அதுல வேணாம்மா."

"இன்னாடி வேணாம்?"

"அது லாபம் இல்லம்மா. வட்டி."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடன் என்பதை, நூற்றுக்கு ஆறு என்பதை, ஒன்பது வயதில் நான் சொன்ன 'எல்லாம் ஒண்ணுதான்' என்பதை. எப்போது தெரிந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவள் முதலில் கேட்டது இதுதான்: "உங்க அத்தா அதுல சாப்ட்டாரா?"

"ஏழு தபா வந்ததும்மா அவரு இருக்கும்போது."

அம்மா எழுந்து போய் மணிக்கட்டு வரை கை கழுவினாள். திரும்பி வந்து ஒன்றரை ரூபாயைத் தொடாமல் அதைச் சுற்றிக் கடந்து போனாள். மாலைவரை அந்தச் சில்லறை பாயிலேயே கிடந்தது.

கரீம் மாமு நோன்பு திறக்க வந்தார். என்னை எப்போதும் கேலி செய்வதுபோல, "இன்னா பாரிஸ்டரம்மா, மூஞ்சி தொங்குது, கேஸ் தோத்துட்டியா?" என்றார். அம்மா விஷயத்தைச் சொன்னதும் வாயில் வைத்த பேரீச்சம்பழத்தை மெல்லாமல் நின்றார். பெயர் சொல்லாமல் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு வருவதாக ஒப்புக்கொண்டார்.

மறுநாள் நோன்பு திறக்கும் பாங்கு சொன்னதும் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே பேசினார். முகத்தில் பெருநாள் வந்ததுபோலச் சிரிப்பு.

"அக்கா, பேஜாரே இல்ல! தெரியாம வாங்கித் தின்னது போச்சு, அல்லா மன்னிப்பான், அதுக்குக் கேள்வி இல்லன்னுட்டாரு. போட்ட முதல் நம்முது. தெரிஞ்ச நாள்லேர்ந்து வாங்குற வட்டிதான் நம்முது இல்ல. அத நன்மைய எதிர்பார்க்காம ஏழைங்களுக்குக் குடுத்துடணும். உனக்குத் தெரிஞ்சது நேத்து. ஜனவரிக் காசு அதுக்கு முன்னாடியே வந்துடுச்சி. மச்சானுக்கும் கவல இல்ல, உனக்கும் கவல இல்ல. கஞ்சி ஊத்து!"

அம்மா முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டு அழுதாள். உங்களுக்காக அழுதாள், அத்தா. நீங்கள் போன பிறகு நான் அப்படி ஓர் அழுகையைப் பார்த்ததில்லை. எனக்கும் ஒரு பாறை இறங்கியது, உங்களுக்குக் கேள்வி இல்லை என்று. ஆனால் அந்தப் பாறை வேறு எங்கும் போகவில்லை, என் தலையில்தான் வந்து உட்கார்ந்தது.

சும்மா இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. மாமு கஞ்சியை ஊதிக்கொண்டிருந்தார்.

"மாமு, எனக்கு செப்டம்பர்லியே தெரியும்" என்றேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "பசிக்குதுன்னு எடுத்தா ஒரு மாதிரி. நீ படிக்கிறதுக்கு எடுத்திருக்கே. படிச்சி இன்னாத்தடி தெரிஞ்சிக்கிட்டே?"

மாமுதான் இடையில் வந்தார். "வுடு அக்கா, புள்ள தானா வாயத் தொறந்து சொன்னாளே. நம்ம மண்டியில கணக்குல கைவெச்ச எவன் தானா வந்து சொல்லியிருக்கான்?"

"அதான் மண்டி" என்றாள் அம்மா. "இது வீடு."

பெருநாள் முடிந்ததும் மாமு அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மெட்ராஸுக்குப் போனார். உங்களுக்கு விற்ற அதே தரகர்தானாம். "இன்னா சாயபு, ஊரெல்லாம் இந்தக் காகிதத்துக்குத் தவம் கெடக்குது. கறக்குற மாட்ட யாராவது விப்பாங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டாராம். மாமு விடவில்லை. "மாடு எங்குளுதுதான். பாலுதான் எங்களுக்கு ஆவாது."

போட்ட முதல் ஆயிரமும் குறையாமல் கிடைத்தது. அதற்கு நூல் மில் பங்குகளே இன்னும் வாங்கினார். விலை விழுந்து கிடந்ததால் நிறையவே கிடைத்தன. இவை உண்மையான பங்குகள் என்று, பொடி எழுத்து ஒவ்வொன்றையும் நான் இரண்டு முறை வாசித்த பிறகுதான் அம்மா பெட்டியைப் பூட்ட விட்டாள். ஏறும், இறங்கும், சில வருஷம் வரவே வராது. நேற்று வந்த மெல்லிய உறை அதுதான்.

ஜட்காவுக்கு முன்பணம் கொடுத்தது மார்ச் கடைசிவரை உறுத்திக்கொண்டே இருந்தது. வாரண்டு காசில் நான் ஜூன் வரை ஏறிப் போகலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "நீயே சொல்லு, படிச்சவ" என்றாள். மறுநாள் ஜட்காக்காரர் முனுசாமியிடம், மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா, நாங்கள் இனி நடக்கிறோம் என்று வாய்க்கு வந்த சாக்கைத் திரைக்குள்ளிருந்து சொன்னேன்.

"நடந்தா? உங்கம்மாவா?" குதிரையைப் பார்த்துச் சொன்னார். "கேட்டியாடி ராணி? இவுங்க ரயில்வே கேட்டத் தாண்டுறதுக்குள்ள சாயங்காலம் பள்ளிக்கூடமே வுட்டுடும்." பிறகு மீதிக் காசை எண்ணிக் கொடுத்தார். எட்டு ரூபாய். அதை அப்படியே மாமு ஒரு விதவை வீட்டில் பெயர் சொல்லாமல் கொடுத்துவிட்டு வந்தார். முன்பு கிடந்த ஒன்றரையும் அதனுடன் போயிற்று.

பள்ளியை நிறுத்திவிடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன், அத்தா. புத்தகங்களைத் துணியில் கட்டிக்கூட வைத்துவிட்டேன். மறுநாள் காலை அம்மா புர்காவைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். கையில் தொப்பித் துணிப் பை.

"எங்கம்மா?"

"உன் பள்ளிக்கூடத்துக்குத்தான். ஜட்கா அந்தக் காசுது. காலு நம்முது. கெளம்பு."

உங்களுக்காக இருந்த இத்தாத் துக்க நாட்கள் முடிந்த பிறகும் தெருமுனையைத் தாண்டாதவள். ஒன்றரை மைல், அத்தா. போக ஒன்றரை, வர ஒன்றரை. ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி நின்றால் வெயிலில் அரைமணி. தோல் ஷெட்டுகளைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். அப்புறம் அவளே, "உங்க அத்தா சட்டை இப்டித்தான் நாறும்" என்று விட்டுவிடுகிறாள். பகல் முழுவதும் பள்ளியின் பின்தாழ்வாரத்தில் உட்கார்ந்து தொப்பி தைக்கிறாள். சாயங்காலம் என்னுடன் திரும்புகிறாள். ஒருநாள் நடந்துகொண்டே கேட்டாள்: "அந்த பூகோள டீச்சர் நாலு தபா சொன்னாங்களே, எனக்கே புரிஞ்சிடுச்சி. நீ ஏன் அஞ்சாவது தபா கேட்டே?"

முனுசாமி சில நாள் எங்களைத் தாண்டும்போது குதிரையை இழுத்துப் பிடிப்பார். "ஏறுங்கம்மா, வண்டி சும்மாத்தான் போவுது. காசு வாணாம்." அம்மா தலையை அசைத்துவிடுவாள். வண்டி போன பிறகு என்னிடம், "சும்மா ஏறுனா அதுவும் ஒரு கடன்தான்" என்பாள். குதிரை போன புழுதி அடங்கும்வரை நின்று, பிறகு நடப்போம். பேச்சு அதிகம் இருக்காது. இன்னும் அவள் என்னிடம் முழுதாகப் பழையபடி இல்லை. அதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

பள்ளிச் சம்பளம் இரண்டு ரூபாய்க்குத் தொப்பிகள் போதும். இப்போதைக்குப் போதும். இந்த மெல்லிய உறைக்குப் பிறகு வரும் மார்கழியை எப்படித் தாண்டுவது என்று தெரியவில்லை. மில் எழுந்தால் எழுவோம். விழுந்தால் அதனோடு விழுவோம். நீங்கள் சொன்ன ஹலாலான லாபம் இவ்வளவு களைப்பைத் தருமா, அத்தா? நீங்கள் இருந்தால் எந்தக் குறி போடுவீர்கள்?

நோட்டு விஷயம் ஒன்று பாக்கி. மின்சாரக் கம்பெனிப் பக்கத்தை அடித்துவிடவா என்று நெடுநாள் யோசித்தேன். நீங்கள் நீளமாக இழுத்த ஏழு கோடுகளையும் தொடவில்லை. உங்களைப் பார்த்து நான் இழுத்த மூன்றையும் தொடவில்லை. அவை தெரியாமல் போட்டவை. வெறுமனே விட்டிருந்த பதினோராவது வரிக்கு எதிரே மட்டும், கழிவுத் தோலுக்குப் போடும் பெருக்கல் குறியைப் போட்டேன். அதற்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன்.

முப்பதில் ஒன்பதரை ரூபாய் போய்விட்டது. மிச்சம் இருபதரை நான் அடைக்க வேண்டியது. அதை அம்மா தொப்பி தைத்து அடைக்க விடமாட்டேன். தெருவில் இங்கிலீஷ் கடிதம் வந்தால் வாசித்து அர்த்தம் சொல்கிறேன், மேல்விலாசம் எழுதித் தருகிறேன். கடிதத்துக்கு இரண்டணா. இதுவரை முப்பத்துமூன்று கடிதங்கள், நாலு ரூபாய் இரண்டணா. யார் எதைக் கொண்டுவந்தாலும் பொடி எழுத்தையும் சேர்த்து வாசிக்கிறேன். தெரியாத இடத்தில் 'தெரியல பூபு, டீச்சரக் கேட்டு நாளைக்குச் சொல்றேன்' என்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். 'இன்னாடி பாரிஸ்டரு, இதுகூடத் தெரியாதா?' என்கிறார்கள். தெரியாது என்றே சொல்கிறேன்.

அம்மா உள்ளே முழங்காலுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறாள். நாளைக்குத் திங்கட்கிழமை. கேட்டில் எந்த வண்டி நிற்குமோ.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அத்தா. இருபதரை ரூபாயும் நிரம்பும்வரை இந்த நடையை நான் குறை சொல்ல மாட்டேன். நிரம்பும் நாளில், நன்மையை எதிர்பார்க்காமல், பெயர் சொல்லாமல் அதைக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு கோடு இழுத்து மூடுவேன். பிறகு அம்மாவிடம் நோட்டைக் காட்டுவேன். அவள் ஒன்றும் சொல்லாமல் என் தலையில் கை வைத்தால், அதையே உங்கள் பதிலாக எடுத்துக்கொள்வேன்.

உங்கள் பாகத்தில் பாதியும், உங்கள் நோட்டில் மீதியும் வாங்கிக்கொண்ட மகள்,
சபியா